நடுவில் பாடுகிறவள்

வலது பக்கத்து ஸ்பீக்கரின் கறுப்புக் கிண்ணம் உள்ளே போனது. வெளியே வந்திருக்க வேண்டும். இடது பக்கத்தது சமர்த்தாக வெளியேதான் வந்தது. ரிமோட்டிலிருந்து கழற்றிய பென்சில் செல்லை ஒயரின் இரண்டு முனையிலும் தொட்டதும் ‘டப்’ என்று சின்னதாக ஒரு சத்தம் போட்டுவிட்டு, நூலளவு முன்னால் எழும்பி நின்றது. இது உள்ளே போகிறது. எபனேசர் செல்லை எடுத்துவிட்டு மறுபடி தொட்டார். உள்ளே. செல்லைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தொட்டார். உள்ளேதான். செல்லைத் தலைகீழாகப் பிடித்திருப்போமோ என்று ஒரு நப்பாசை வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கூட்டல் குறி கூட்டல் குறியாகத்தான் இருந்தது. அலமாரிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு முதலில் காதுமடல் சூடானது, அப்புறம் கழுத்து. இதில் பதறுவதற்கு என்ன இருக்கிறது, ஒரு கிண்ணம் உள்ளே போனால் என்ன, வெளியே வந்தால் என்ன என்று யாரும் கேட்கலாம். கேட்கிறவர்களுக்கு எபனேசரைத் தெரியாது. பாளையங்கோட்டையில் பாட்டுக் கேட்கிற மெஷினைப் பற்றிச் சந்தேகம் என்றால் எபனேசர் சாரைத்தான் கேட்பார்கள். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற மனுஷர். ஊருக்கே ஒயர் இழுத்தவர். ஸ்பீக்கர் ஒயருக்குப் போடப் புதிதாக வாங்கின இந்தப் பிளக் பாக்கெட்டுக்குள் மடித்து வைத்திருந்த துண்டுச் சீட்டில், மாட்டுவதற்கு முன்னால் ஒரு செல்லை வைத்து எது பாசிட்டிவ், எது நெகட்டிவ் என்று சோதித்துக்கொள்ளவும் என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, எனக்கே சொல்லித் தாராங்க பாரு என்று சிரித்துக்கொண்டு விளையாட்டாகத்தான் செய்து பார்த்தார். அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எப்படி எடுப்பதென்று தெரியவில்லை.

பக்கத்து அறையில் கனகம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத் துணியில் பெட்டி படும்போது வருகிற சீறல், அப்புறம் கஞ்சி வாசனை, அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, மறுபடி சீறல். வெளியே கார்த்திகை மாசத்து மழை பெய்யலாமா வேண்டாமா என்று தூறிக்கொண்டிருந்தது. ஒயரைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு கறுப்பு ஒயர்கள் ஒட்டிப் பிறந்த மாதிரி சேர்ந்தே ஓடுகிற ஒயர். நிறம் வித்தியாசம் கிடையாது, ஒன்றின் முதுகில் மட்டும் மெல்லிசாக ஒரு வரி மேடு ஓடும். அந்த வரியை வைத்துத்தான் அடையாளம். இங்கே, மெஷின் பக்கத்தில், வரி ஓடுகிற ஒயர்தான் சிவப்புத் துளையில் இருந்தது. இரண்டு பக்கமுமே அப்படித்தான். அப்படியானால் கோளாறு அந்தக் கோடியில், ஸ்பீக்கருக்குப் பின்னால். முழங்காலை ஊன்றி எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தார். வலது ஸ்பீக்கரில் வரி ஓடுகிற ஒயர் கறுப்பில் செருகியிருந்தது. செருகின கை யார் கை? அவர் கைதான். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கு, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், அவர் இதே இடத்தில் குப்புறப் படுத்திருந்தார், கனகம் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் நேற்று நடந்த மாதிரி வருகிறது, வராமல் இருந்தால் தேவலை. “ஏங்க, அந்தப் பக்கம் வரி மேல இருந்துச்சு, இந்தப் பக்கம் கீழ மாட்டுதிய” என்று அவள் சொன்னாள். சொன்னாள், சொன்னாள், ஐயோ, அவள் சொன்னாள். அவர் படுத்த வாக்கிலேயே, “கரெண்டுக்குத் திசை கிடையாது. ரெண்டு பின் பிளக்கை எப்படிச் சொருகினாலும் பல்பு எரியும்லா? நீ டார்ச்ச நேராப் பிடி” என்றார். பல்பு எரியும், வாஸ்தவம். வாழ்நாள் முழுக்கப் பல்பு எரிய வைத்த ஆளுக்கு அதற்கு மேல் ஒரு உலகம் இருக்குமென்று தோன்றவில்லை. மாட்டி முடித்துவிட்டு இடதை மட்டும் போட்டுப் பார்த்தார், நன்றாகப் பாடியது. வலதை மட்டும் போட்டுப் பார்த்தார், அதுவும் நன்றாகப் பாடியது. தனித்தனியாக இரண்டும் சரி. சேர்ந்து பாடும்போது ஒன்று காற்றை முன்னால் தள்ளுகிறது, அதே நேரம் இன்னொன்று பின்னால் இழுக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வருகிற வாத்தியம் பிழைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சமமாக வருகிற சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவில் நின்று பாடுகிறவரின் குரல்தான் இரண்டு பக்கமும் சமமாக வருவது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் துரைசிங் சாரும் கூட இரண்டு மூன்று பேரும் இங்கேதான் வருவார்கள். துரைசிங் கல்லூரியில் இங்கிலீஷ் எடுத்தவர், ஆனால் இந்த அறைக்குள் வந்தால் மாணவன் மாதிரி கைகட்டி உட்காருவார். எபனேசர் அவர்களுக்குப் பாட்டு மட்டுமா போட்டுக் காட்டினார்? பாடமே எடுத்தார். அதை நினைத்தால் இப்போது தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருக்கிறது. “சிவப்பு வெள்ளைப் பின் இருக்குல்லா, அதுல சிவப்பு எப்பவும் வலதுக்கு, வெள்ளை இடதுக்கு. இது சிக்னல் போற வழி. இது சதுர வாய் வச்சது, இதுக்குள்ள கரெண்டு போகாது, வெளிச்சம் போகும், பாருங்க” என்று ஆப்டிகல் ஒயரின் நுனியைக் காட்டுவார்; அதில் சிவப்பாக ஒரு பொட்டு மினுங்கும்; எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். தங்க முலாம் பூசின பின்னுக்கும் நிக்கல் பின்னுக்கும் உள்ள வித்தியாசம், குத்துகிற பிளக்கை ஆண் என்றும் வாங்குகிற பிளக்கைப் பெண் என்றும் ஏன் சொல்கிறார்கள் என்பது, அதற்கு ஒரு சிரிப்பு, எல்லாம் உண்டு. பாட்டுப் போட்டால் சத்தம் அறை முழுக்கக் கலங்கிப் பரவும், எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடாது. துரைசிங் சார் தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவார். “எங்க இருந்து வருதுன்னு தெரியலைல்லா? அதுதான் சார் உயர்ந்த தரம். சாதா செட்டுல பாடுறவன் மூஞ்சிக்கு நேர வந்து நின்னுக்கிட்டுக் கத்துவான். இதுல ஆழம் இருக்கு பாத்தியளா, ஆழம்” என்பார் எபனேசர். ஆழமாம் ஆழம். ஒரு ஒயரைத் தலைகீழாக மாட்டிவிட்டு அதற்குப் பெயர் ஆழம். அவர்களும் ஆமா சார், ஆமா சார் என்றார்கள், பாவம், கேட்டதையா சொன்னார்கள், அவர் சொன்னதைச் சொன்னார்கள். தூறல் நின்று மறுபடி பிடித்தது. இவ்வளவோடு போயிருந்தால்கூடத் தேவலை. நாலு பேர் முன்னால் முட்டாளாக இருந்தது நாலு பேருக்கும் தெரியாது, தெரியாமலே பார்த்துக்கொள்ளலாம். மனசு அந்த இடத்தோடு நின்றுகொள்ளப் பார்த்தது. அவர் அதை அங்கே பிடித்து வைக்கத்தான் பார்த்தார். அது நிற்கவில்லை, கயிறு அறுத்துக்கொண்டு கனகத்திடம் போனது.

கோயிலின் ஜூபிலிக்குப் பாடகர் குழு ஒரு சிடி போட்டது. மாஸ்டர் ரத்தினராஜ் மதுரையிலிருந்து ஆளை வரவழைத்துக் கோயிலுக்குள்ளேயே பதிவு செய்தார். அதில் ஒரு பாட்டில் மூன்றாம் சரணம் கனகம் மட்டும் தனியாகப் பாடியது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து குழுவில் நிற்கிறவள், அத்தனை காலத்தில் தனியாக ஒரு சரணம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. சிடி வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இந்த அறையில் கூடினார்கள். கனகம் அச்சுமுறுக்குத் தட்டை மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆர்கன் இந்தப் பக்கம் கணீரென்று வந்தது, வயலின் அந்தப் பக்கம் வந்தது, மூன்றாம் சரணம் வந்தது, கனகம் வரவில்லை. வந்தாள், எப்படி வந்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிற மாதிரி வந்தாள். அவள் முகம் போன போக்கை அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டார், பார்த்தார். “என்னங்க, இது என் கொரலு இல்லையே. நடுவுல என்னமோ இல்ல. செட்டுல எதும் பாருங்களேன்” என்றாள். செட்டைச் சொல்லிவிட்டாள். துரைசிங் சார் முன்னால் செட்டைச் சொல்லிவிட்டாள். அவருக்கு எங்கிருந்துதான் வந்ததோ, சிரித்துக்கொண்டே, “மெஷினு பொய் சொல்லாது கனகம். உள்ளத உள்ளபடி சொல்லும். உனக்குக் கொரலு போயி நாளாச்சு. அது தெரியாம இருக்கியே, அப்ப காதும் போயிட்டுன்னு அர்த்தம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கனகமும் சிரித்தாள். “ஆமா, வயசாகுதுல்லா” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், முறுக்கை யாரும் இன்னும் தொட்டிருக்கவில்லை. அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா. ஒரு தடவை குனிந்து பின்னால் பார்த்திருந்தால் ஆச்சு. குனிந்து பார்க்க முதுகு வலி காரணமில்லை. அவர் மாட்டின ஒயர், அவள் சொன்ன குறை, அதனால் பார்க்கவில்லை. இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

அந்தச் சிடி அப்புறம் இந்த வீட்டில் பாடவே இல்லை. கனகம் அடுப்படியில் பாட்டு முனங்குவது நின்றது. நின்றது எப்போது என்று அவருக்குத் தெரியாது, ஒருநாள் வீடு அமைதியாக இருப்பதைக் கவனித்து, நல்லது, பாட்டுக் கேட்க இடைஞ்சல் இல்லை என்று நினைத்தார். நினைத்தாரா? நினைத்தார். போன ஈஸ்டருக்குக் கோயிலில் அவருடைய பெஞ்சிலிருந்து பார்த்தபோது குழுவில் எல்லாரும் வெள்ளை அங்கியோடு வாயைத் திறந்து பாடினார்கள், கனகத்தின் வாயும் திறந்து மூடியது, தொண்டை அசையவில்லை. சத்தம் வராமல் வெறும் வாயை அசைத்துக்கொண்டு நின்றாள். கண்ணால் கண்டுபிடித்தார், கெட்டிக்காரர். கண்டுபிடித்துவிட்டு, பரவாயில்லை, மற்றவர்கள் பாட்டைக் கெடுக்காமல் நிற்கிறாள், விவரம் தெரிந்தவள் என்று மெச்சிக்கொண்டார். இன்றைக்கு மத்தியானம் ரசம் விடும்போது, “சாயங்காலம் பிராக்டீஸுக்குப் போய் மாஸ்டர்ட்ட சொல்லிட்டு வந்திருதேன். கிறிஸ்மஸுக்கு வேற ஆளப் போட்டுக்கிடட்டும். அங்கியையும் குடுத்திருதேன்” என்றாள். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, “அதுவும் சரிதான். நாமளா வெலகிக்கிடுததுதான் மரியாத” என்றார். மரியாதையாம். அந்த அங்கிக்குத்தான் இப்போது இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். கஞ்சி போட்டு, காலர் மடங்காமல், அடுத்துப் போடுகிறவளுக்கு ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது என்று. சீறல் மறுபடி வந்தது. எழுந்து போய்ச் சொல்ல வேண்டியதுதான். நாலு எட்டு வைத்தால் அறை. “கனகம், உன் குரலுக்கு ஒண்ணுமில்ல, ஒயரத் தப்பா மாட்டிட்டேன்.” இவ்வளவுதானே வாக்கியம்? சின்ன வாக்கியம். அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ‘மாட்டிட்டேன்’ என்ற இடத்துக்கு வந்ததும் நாக்கு அதை ‘மாட்டியிருந்திருக்கு’ என்று மாற்றியது. யாரோ மாட்டின மாதிரி. பாருங்கள், தனியாக இருக்கும்போதே இந்த நாக்கு என்ன வேலை செய்கிறது.

அப்போதுதான் அந்த வழி தென்பட்டது. எதற்குச் சொல்ல வேண்டும்? கையில் புதுப் பிளக் இருக்கிறது. பனானா பிளக், வாழைப்பழம் மாதிரி நடுவில் புடைத்துக்கொண்டிருக்கும், ஒயர் நுனியை இதற்குள் விட்டுத் திருகிவிட்டால் போதும், அப்புறம் செருகவும் உருவவும் ஒரு நொடி வேலை. பழைய ஒயர் துருப்பிடித்திருந்தது, புதுப் பிளக் போட்டேன், சரியாகிவிட்டது. அவ்வளவுதான். அவள் குரல் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும், அங்கியைக் கொடுக்க மாட்டாள், நாளைக்குத் துரைசிங் சாருக்கும் ஒரு கதை ஆகும், எல்லாருக்கும் நல்லது, யாருக்கு நஷ்டம்? அவருக்கே ஒரு உற்சாகம் வந்துவிட்டது. சின்ன உற்சாகம், அழுக்கான உற்சாகம், அழுக்கு என்று தெரிந்துகொண்டேதான் கை வேலை செய்தது. கத்தியால் ஒயரின் தோலைச் சீவினார், செம்பு நூல்கள் விரிந்து கட்டைவிரலில் ஒன்று குத்தி ரத்தப் பொட்டு வந்தது, விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டார், செம்பு ருசி. வரி ஓடுகிறது சிவப்புக்கு, மற்றது கறுப்புக்கு. அந்தக் கோடியிலும் வரி சிவப்புக்கு. இந்தத் தடவை வரியைப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், டார்ச் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இல்லாததால் அதைப் பல்லில் கடித்துக்கொண்டார். செல்லை வைத்துத் தொட்டார். இடது வெளியே வந்தது. வலதும் வெளியே வந்தது. அவ்வளவுதான், இத்தனை வருஷத்து விஷயம் இவ்வளவுதான், ஒரு நூலளவு முன்னால், ஒரு நூலளவு பின்னால். சிடியைத் தேடினார், அலமாரியின் அடித்தட்டில் மின்கட்டண ரசீதுகளுக்குக் கீழே கிடந்தது, உறையில் பாடகர் குழுவின் படம், இரண்டாம் வரிசையில் கனகம், சிரிக்கலாமா என்று யோசிக்கிற முகம். உள்ளே விட்டார். மூன்றாம் சரணம் வரைக்கும் ஓட்டினார்.

முதலில் அவர் பயந்துதான் போனார். அறைக்குள் ஒரு பெண் நிற்கிறாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத வெறும் சுவருக்கு முன்னால், ஆள் உயரத்தில் நின்று பாடுகிறாள். மூச்சு இழுப்பது கேட்கிறது. சொல்லின் கடைசியில் உதடு மூடுவது கேட்கிறது. குரல் இளசு இல்லை, வயசான குரல்தான், ஆனால் வயசு அதில் ஒரு குறையாக இல்லை; நல்ல கனமான, தரையில் கால் ஊன்றின குரல், மேலே போகிற இடத்தில் கொஞ்சம் நடுங்கிவிட்டுத் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நின்றது. இதையா? இதையா போய்விட்டது என்று சொன்னேன்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அந்த மனுஷருக்கு. அடுத்த அறையில் சீறல் நின்றிருந்தது. கனகம் கதவருகே வந்து நின்றாள், அன்றைக்கு நின்ற அதே இடம், அதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. சரணம் முடிகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து வந்து போனது. எல்லாரும் சேர்ந்து பாடுகிற இடம் வந்ததும் அவர் பாட்டை நிறுத்தினார்.

“என்ன செஞ்சிய?” என்றாள்.

“புதுப் பிளக்கு போட்டேன்.” நாக்கு தயாராக வைத்திருந்தது. “பழைய ஒயருல்லா, நுனியெல்லாம் துருப்பிடிச்சிருந்துச்சு. இது தங்க முலாம் பூசினது. எப்படி இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்குங்க.” அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவர் மடியில் கிடந்த மிச்சப் பிளக்குகளைப் பார்த்தாள். “எம்புட்டு வித்தியாசம். பாடுறது நான்தான்னே நம்ப முடியல.” அப்புறம் சிரித்தாள். “பரவால்லயே, ஒயரு நல்லாப் பாடுதே.”

அவர் சிரிக்கப் போனார்.

“வெல கூடின ஒயருன்னா அப்படித்தான் போல” என்றாள் கனகம். “நம்ம கொரலக்கூடத் தூக்கி நிறுத்திட்டு. கோயில்ல போய் நின்னா அங்க யாரு எனக்குப் பிளக்கு மாட்டப் போறா?” சொல்லிவிட்டு உள்ளே போனாள். பிளாஸ்டிக் பை சலசலக்கிற சத்தம் கேட்டது. அங்கியை மடித்துப் பைக்குள் வைக்கிறாள்.

எபனேசர் உட்கார்ந்தபடியே இருந்தார். நல்லா மாட்டிக்கிட்டீரு என்று உள்ளுக்குள் யாரோ சொன்னார்கள், அவருடைய குரல்தான், ஆனால் வாளிக்குள்ளிருந்து வந்தது. இவ்வளவு யோசித்த மனுஷன் இதை யோசிக்கவில்லை. அவளுடைய குரலை அவளுக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு ஒயருக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு மெஷின் பொய் சொல்லாது என்றார். இன்றைக்கு மெஷின்தான் பாடுகிறது என்கிறார். இரண்டிலும் கனகம் இல்லை. இனிமேல் சாகும் வரைக்கும் அவள் இந்த அறையில் நின்று அந்தச் சரணத்தைக் கேட்டு, நல்ல ஒயர் என்று சொல்லுவாள். சொல்லிவிடலாம். இப்போதே. அவள் சேலை மாற்றட்டும், வெளியே வரும்போது சொல்லலாம். இல்லை, பிராக்டீஸ் முடிந்து வந்ததும் ஆற அமர உட்கார வைத்துச் சொல்லலாம். ஆற அமர என்றால் அங்கி போயிருக்கும், இன்னொருத்தி போட்டிருப்பாள், அப்புறம் சொல்லி என்ன, மூடின கடையில் போய்ச் சாமான் கேட்கிற கதைதான். சொன்னால் என்ன ஆகும்? அழுவாளா? அழுதால் சமாளிக்கலாம். திட்டினால் அதைவிட நல்லது. சும்மா இருப்பாள். அதுதான் பயம். சும்மா இருந்துகொண்டு பார்ப்பாள், அந்தப் பார்வைக்கு முன்னால் உடம்பில் துணி இல்லாத மாதிரி இருக்கும். கனகம் வெளியே வந்தாள், கழுத்தில் கண்ணாடிக் கயிறு, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பை. “காப்பி பிளாஸ்குல இருக்கு. வாரேன்” என்றாள்.

“கனகம்.”

“ம்?”

“ஒயரு பாடல.” குரல் கீச்சென்று வந்தது, செருமிக்கொண்டார். தரையிலிருந்து எழுந்திருக்கவும் முடியவில்லை, கால் மரத்துப் போயிருந்தது. “துருவும் இல்ல, தங்கமும் இல்ல. ஒரு பக்கத்து ஸ்பீக்கர நான் தலகீழா மாட்டி வச்சிருந்தேன். வந்த அன்னைலருந்து. அப்படி மாட்டினா நடுவுல பாடுறவங்க கொரலு அழிஞ்சு போகும். உன் கொரலுக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கும் ஆகல, இன்னைக்கும் ஆகல. நான் மாட்டினது. நான்தான்.”

அவர் பயந்த மாதிரியே சும்மா இருந்தாள். பையைக் கீழே வைத்தாள், குடையைச் சுவரில் சாய்த்தாள், அது வழுக்கி விழுந்தது, குனிந்து எடுத்து மறுபடி சாய்த்தாள்.

“பழையபடி மாட்டுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“மாட்டுங்களேன். கேக்கணும்.”

மாட்டினார். புதுப் பிளக்கின் பெருமையே அதுதானே, உருவுவதும் செருகுவதும் ஒரு நொடி. சரணத்தைப் போட்டார். ஆர்கன் வந்தது, வயலின் வந்தது, நடுவில் நின்ற பெண்ணை யாரோ சுவருக்குள் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். அதை முழுக்கக் கேட்டாள், ஒரு வரி விடாமல், கண்ணை மூடாமல். இப்படிக் கேட்க அவருக்கே முடியவில்லை, பாதியில் நிறுத்தக் கை போனது; “இருங்க” என்றாள். முடிந்ததும், “இப்ப மாத்துங்க” என்றாள். மாற்றினார். கனகம் நகர்ந்து வந்து அறை நடுவில் நின்றாள். இருந்த வெளிச்சத்தில் நிஜக் கனகமும் அந்தப் பக்கம் பாடுகிற கனகமும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

“நான் டார்ச்சு பிடிச்சிட்டு நின்னேம்லா” என்றாள், பாட்டுக்கு மேலாக.

“ஆமா.”

“வரி கீழ இருக்குன்னு சொன்னேன்.”

“சொன்ன.”

“கரெண்டுக்குத் திசை கிடையாதுன்னிய.”

“ஆமா கனகம்.”

அவ்வளவுதான் கேட்டாள். மேற்கொண்டு ஏதாவது கேட்டால் பதில் சொல்லலாம் என்று அவர் காத்திருந்தார். அச்சுமுறுக்குத் தட்டைப் பற்றிக் கேட்பாள், காது போயிட்டு என்று சொன்னதைக் கேட்பாள், ஈஸ்டருக்கு வாயை அசைத்ததைப் பார்த்தியளா என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் ஆமா, ஆமா என்று சொல்லி முடித்துவிட்டால் இறங்கிவிடும். அவள் கேட்கவில்லை. தூறல் ஜன்னல் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. “நாளைக்குத் துரைசிங் சாரு வரும்போது அவுங்க முன்னால ரெண்டு விதமாவும் மாட்டிக் காட்டி நானே சொல்லிருதேன்” என்றார். தன்னை விட்டுக்கொடுக்கிற பெரிய வார்த்தை என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னார். “அது உங்க சங்கதி” என்றாள் கனகம். பையைத் திறந்து அங்கியை எடுத்தாள். உதறினாள், அரை மணி நேரம் பார்த்துப் பார்த்துப் போட்ட மடிப்பு ஒரே உதறலில் போனது. உள்ளே கொண்டுபோய் அலமாரியில் ஹேங்கரில் மாட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கண்ணாடிக் கயிற்றைச் சரி செய்துகொண்டு, குடையை மட்டும் எடுத்துக்கொண்டு, பை இல்லாமல் வாசலுக்குப் போனாள். போகிற நடையில் தொண்டையைச் சரி செய்துகொள்கிற மாதிரி ஒரு சின்ன இருமல். அந்த இருமலைக் கேட்டதும் எபனேசருக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. மரத்த காலை இழுத்துக்கொண்டு எழுந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். போகணும், கேக்கணும், ஒயர் இல்லாமல், மெஷின் இல்லாமல், கோயில் சுவருக்கு நடுவில் அந்தக் குரல் எப்படி நிற்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். வாசலில் அவசர அவசரமாகச் செருப்பைத் தேடி ஒரு காலை நுழைத்தார்.

“நானும் வரட்டா கனகம்? கடைசிப் பெஞ்சுல ஓரமா உக்காந்துக்கிடுதேன். சும்மா கேக்கத்தான்.”

அவள் குடையை விரித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. பால் வாங்கணுமா என்று கேட்டால், இருக்கு, வேண்டாம் என்று சொல்லுவாளே, அந்த முகம்தான்.

“வேண்டாங்க” என்றாள். “நீங்க இருந்தா எனக்கு வாய் வராது.”

கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். தெருத் திரும்புகிற வரைக்கும் குடை தெரிந்தது. எபனேசர் ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார், அதைக் கழற்றுவதா, மற்றதையும் போடுவதா என்று தெரியாமல்.